ஹைபீம் அண்ணன்

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி பக்கம் இருட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஹைபீம் அண்ணனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் எதிரே வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் எவரும் இல்லை.

கம்பெனி கொடுத்த விளக்கு "மின்மினிப் பூச்சியாட்டம் இருக்குது" என்று புதுப்பேட்டைக்குப் போய் எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினார். போதவில்லை, பம்பரில் நாலு, கூரைமேல் ஒரு பட்டை. முன்பெல்லாம் ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதைத் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துச் சுரண்டி எடுத்த பரம்பரை.

எதிரே வருகிறவன் லைட்டை ஏற்றி இறக்கிக் கெஞ்சுவான். அண்ணனுக்கு அது சவால். தூங்கிக்கொண்டிருந்த பம்பர் விளக்குகளையும் எழுப்பிவிடுவார். "முதல்ல அவன் டிம் பண்ணட்டும்" என்பது கொள்கை. அவன் பண்ணிவிட்டால், "பாத்தியா, பயந்துட்டான்!" ஒருநாள் இவர் மாதிரியே இன்னொருவர் வந்து சேர்ந்தார். சாப்பிடக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்ட சம்பந்திகளாக இருவரும் இறங்கி வரவில்லை. கண்ணாடியோடு கண்ணாடி உரசியது. பிறகு வண்டியை விட்டு இறங்கி இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: "ஏன்யா, கண்ணு தெரியல?"

பல்பு மாற்றினால் என்ன தப்பு என்பார். பழைய ஹாலஜன் பல்புக்குள் டிம் இழைக்கு அடியில் சின்னத் தகர மறைப்பு ஒன்று உண்டு. மேலே கிளம்பி எதிராளியின் கண்ணில் அடிக்கக்கூடிய ஒளியை அது தடுக்கும். அந்தக் கணக்குக்குச் செய்த கூட்டில் கண்ட பல்பையும் சொருகினால் வெளிச்சம் ரோட்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். எட்ட 8 மீட்டரில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண் கூசக் கூடாது என்று 1989-ஆம் வருஷ மோட்டார் வாகன விதி சொல்கிறது. அண்ணன் வேப்பமரத்து உச்சியில் காக்கையையே எழுப்பிவிடுகிறார்.

போன வருஷம் புது வண்டி எடுத்தார். எதிரே வெளிச்சம் தெரிந்தால் தானாகவே டிம் ஆகிற வண்டி. தொலைந்தது தொல்லை என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஒரே வாரத்தில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். "எவன் வந்தாலும் குனியுது சார், மானம் போவுது."

நல்ல மனுஷர்தான். ராத்திரி பங்க்சர் ஆகி நிற்கிறவனைக் கண்டால் ஸ்டெப்னி மாட்டி முடிகிறவரை வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்பார். ஒருமுறை கூத்து நடக்கும்போது கரண்டு போய்விட, வண்டியைத் திருப்பி ஆட்டக் களத்தில் அடித்தார். வீராவேசமாக வந்த துரியோதனன் கண்ணைப் பொத்திக்கொண்டு, ராகம் குறையாமல், "டிம் பண்ணுய்யா!" என்றான். அண்ணன் வாழ்க்கையில் டிம் பண்ணியது அந்த ஒரு தடவைதான்.

ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் கல்லில் வெட்டி, கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் போடாதே என்று விதித்த ஊர் உத்திரமேரூர். விளக்கு வாரியம் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

சிரிப்பு இதோடு போதும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கண் கூசி மூன்று நொடி ஒன்றும் தெரியாவிட்டால் 50 மீட்டர் குருட்டு ஓட்டம். அந்த 50 மீட்டருக்குள்தான் பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கும், வேலை முடிந்து பெண்கள் ஓரமாக நடந்து வருவார்கள், டி.வி.எஸ். ஐம்பதில் புருஷன் பெஞ்சாதி குழந்தை மூவரும் மண்ணில் இறங்கிச் சறுக்குவார்கள். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. அதற்குள் அவர் கடந்துபோயிருப்பார்.

அண்ணே, வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல விளக்காகப் போடுங்கள், கம்பெனி வைத்த கோணத்தில் இருக்கட்டும், எதிரே ஆள் வந்தால் இறக்குங்கள். அது முடியாதென்றால் பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேருங்கள்.