ஒகேனக்கல் சென்று மீண்ட காரின் பின்னிருக்கை: ஓர் ஆய்வு

காருக்குக் கேடு வெளியிலிருந்தே வரும் என்பது நம்மவரின் அசைக்க முடியாத கொள்கை. பானெட்டுக்கு மெழுகுப் பூச்சு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சை, பம்பரில் மிளகாய் மாலை என எல்லாப் பாதுகாப்பும் வெளிப்புறத்துக்கே. பென்னாகரம் தாண்டி மலையிறங்கியதும் இக்கொள்கை பொய்த்துவிடுகிறது. ஒகேனக்கல்லில் கேடு கதவைத் திறந்து உள்ளே வந்து, பின்னிருக்கையில் சாய்ந்துகொண்டு, "ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைங்க மாப்பிள்ளை" என்கிறது.

அருவியோரம் ஆயில் மசாஜ் முடித்து அப்படியே நீரில் போய் நின்ற மாமனார், தாம் சுத்தமாகிவிட்டதாக மனமார நம்புகிறார். சீயக்காய் படாத எண்ணெயைக் காவிரியே தலையில் விழுந்தாலும் பெயர்க்காது. அதிலும் நல்லெண்ணெய் அரையுலர் வகை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டிப்பட்டுப் பிசுக்காகும். அன்றிரவே இருக்கையில் கடலை மாவைத் தூவி உறிஞ்சவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரால் ஒற்றியெடுத்தால் பாதி வழக்கு தீர்ந்தது.

மீதிப் பாதி மீன். வறுத்த கெளுத்தியின் மஞ்சள் பட்ட துணியில் சோப்பு போட்டால் சிவக்கும். வெயில் காட்டினால் வெளுக்கும். இருக்கைக்கடியில் மறந்துபோன பொட்டலத்தின் நாற்றத்துக்கோ அமீன்கள் காரணம். அவை காரத்தன்மை உடையவை, அமிலம் பட்டால் அடங்கும். ஆக, சக்கரத்தடியில் நசுக்கிய எலுமிச்சையை இடம் மாற்றிச் செலவழித்துவிட்டோம்.

இங்கே பாலித்தீன் பள்ளியினர் குறுக்கிடுவர். புது வண்டியின் இருக்கை உறையை ஆண்டுக்கணக்கில் கிழிக்காமல் காப்பவர்கள் இவர்கள். எண்ணெய் துணியில் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் முதுகு, வழவழப்பான உறை, மலைப்பாதை வளைவு மூன்றும் கூடும்போது மாமனார் இடக் கதவுக்கும் வலக் கதவுக்கும் இடையே ஊசலாடுவதை இப்பள்ளி இதுவரை விளக்கவில்லை. பழைய பருத்தி வேட்டியை நான்காய் மடித்து விரிப்பதே மேல் என்பது என் துணிபு.

ஒப்பியல் நோக்கில் பரிசல் காரைவிட முன்னேறிய வாகனம். மூங்கில் பிளாச்சுக் கூடு. அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். அதற்கு வெளிப்புறமே பாதுகாப்புறை. உட்புறத்தைக் கழுவும் முறையோ கரையில் கவிழ்த்துப் போடுவது. அதே முறையை மலைப்பாதையில் காருக்குச் செய்துபார்க்கும் ஓட்டுநர்களை ஆய்வுலகம் ஊக்குவிப்பதில்லை.

வெளிப்புறம் பற்றிச் சுருக்கமாக: ஆற்றுமணல் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். குவார்ட்ஸ் துகள், வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பூச்சைக் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள், ஆனால் ஆற்றில் இறக்கி அல்ல. வைப்பர் ரப்பரைக் குரங்குகளிடமிருந்து காக்க வழியில்லை. முறுக்குப் பொட்டலத்தைக் கண்ணாடி அருகே வைக்காமலிருக்கலாம்.

வீடு திரும்பி ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவினால் கால்சியம் வெள்ளைப் புள்ளிகளாகப் பூக்கும். உடனே ஒருவர் குடிநீர்க் குழாயைத் திருப்புவார். அதில் வருவதோ 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர்; ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பற்களையும் எலும்புகளையும் காக்க வந்தது. மாமியார் அவரைத் தடுத்துச் சொல்வது இத்துறையின் இறுதித் தீர்ப்பு: "காருக்கு ஏது மாப்பிள்ளை பல்லு?"