செல்லாநோட்டுச் சித்தப்பா

செல்லாநோட்டுச் சித்தப்பா இல்லாத குடும்பம் அபூர்வம். 2016 நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்னதும் ஊரே ஏடிஎம் வாசலுக்கு ஓடியது. இவர் மட்டும் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “ரெண்டு நாள்ல வாபஸ் வாங்கிடுவாங்க, பாரேன்!” பாங்கில் கட்ட டிசம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தார். கூட்டம் குறைந்தது. தேதியும் முடிந்திருந்தது.

செல்லாமல் போன பிறகுதான் நோட்டின்மேல் அவருக்குப் பாசமே வந்தது. முன்பெல்லாம் ஆயிரம் ரூபாயை இரண்டு நாள் சட்டைப்பையில் தங்கவிடாத மனுஷர். இப்போது அதற்குப் பிளாஸ்டிக் உறை; இருப்பிடம் எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு நடுவில். வந்தவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் உறை வெளியே வந்துவிடும். நோட்டின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இதோ எண்ணெய்க் கிணறு, இங்கே கதிர் அறுப்பு, இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கா” என்று விரலை நகர்த்துவார். நோட்டு செல்லுபடியாக இருந்த காலத்தில் அந்தப் பெண்ணை இவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 2017-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 செல்லாநோட்டு வரை ஒருவர் வைத்திருக்கலாம். ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்பு என்றால் 25. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். சித்தப்பாவிடம் கணக்காகப் பத்து.

பொங்கலுக்கு அடுக்களை அலமாரியைத் துடைத்தபோது, தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்கு அடியிலிருந்து சித்தியின் சிறுவாட்டுப் பணம் கிளம்பியது. நான்கு ஐந்நூறு.

“ஏங்க, இதை எங்கேயும் மாத்தித் தரமாட்டாங்களா?”

சித்தப்பாவுக்கு அது காதில் விழவில்லை. பதினாலு! அன்று சாயங்காலமே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்து, அட்டையில் ‘நாணயவியல் ஆராய்ச்சி’ என்று எழுதிவிட்டார். ஆராய்ச்சி இன்றுவரை அட்டையைத் தாண்டவில்லை.

வரிசை எண்ணில் 786 இருந்தால் லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று இவருக்கு அடிக்கடி போன் வரும். இந்த மாதிரி மோசடிகளை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. சித்தப்பா இதுவரை ஏமாறவில்லை. உஷார் என்று நினைத்துவிடாதீர்கள். விலை இன்னும் ஏறட்டும் என்று இருக்கிறார்.

2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள் அல்லவா, அதிலும் ஒன்றை உறைக்குள் ஒதுக்கிவிட்டார். அது வேறு ஜாதி. புழக்கத்திலிருந்துதான் எடுத்தார்களே தவிர, செல்லாது என்று சொல்லவில்லை. சென்னை ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கியில் கொடுத்தால் கணக்கில் வரவு வைப்பார்கள், தபாலிலும் அனுப்பலாம். உங்கள் வீட்டுச் சித்தப்பாவிடமும் ஒன்று இருக்கும். அது ஆராய்ச்சியில் சேருவதற்கு முன்னால் பிடுங்கிக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.