ஏகலைவர்களுக்கான கையேடு

துரோணர் கேட்டது ஒரே தடவை. ஏகலைவன் வெட்டிக் கொடுத்தான், கணக்குத் தீர்ந்தது. ஸ்னோமொபைல் அப்படியல்ல, தவணை முறையில் வாங்கும். காலை ஒன்பது மணிக்கு வலது பெருவிரலின் அடிச்சதையில் லேசான இறுக்கம். பதினொரு மணிக்குக் குத்தல். மத்தியானம் ஜாக்கெட் சிப்பை இழுக்கும்போது வாயிலிருந்து தானாக ஒரு ‘அம்மா’. மாலையில் விடுதி அறைச் சாவியை இடக்கையால் திருப்பிக்கொண்டு நிற்கும்போது தட்சிணை முழுதாகச் செலுத்தப்பட்டிருக்கும். வில்வித்தை கைவந்ததா என்றால் அதுவும் இல்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி? மருத்துவம் படிக்கவில்லை, மெக்கானிக்கும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே போய், வாடகை வண்டியில், ஐந்து பனிக்காலங்களாக ஒரே பெருவிரலை ஐந்து விதமாக நோகடித்தவன். பட்டறிவு என்ற சொல்லில் ‘பட்டு’ ஏன் முன்னால் நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓட்டாதவர்களுக்காக ஒரு விளக்கம். மோட்டார் சைக்கிளில் வேகம் வேண்டுமானால் கைப்பிடியை முறுக்குகிறோம். இதில் முறுக்க எதுவுமில்லை. வலது கைப்பிடிக்கருகே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது, அதைப் பெருவிரலால் தள்ள வேண்டும். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோய்க் கடைசியில் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளுகிறோமே, அச்சொட்டாக அதே அசைவுதான். ஒரே ஒரு வேறுபாடு: கவளம் உள்ளே போனதும் விரல் திரும்பிவிடும். இங்கே கவளம் போவதே இல்லை. ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளத் தள்ள, விரல் அப்படியே நிற்க வேண்டும். ஒன்ராறியோவில் தடங்களில் சட்டப்படியான உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இருநூறு கிலோமீட்டர் போவதென்றால் குறைந்தது நான்கு மணி நேரம் ஒரே கவளத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் இரத்தம் சரியாகப் போய்வராது. வலிக்காமல் என்ன செய்யும்?

இப்படி அமைத்தவர்களைத் திட்ட முடியாது என்பதுதான் எரிச்சல். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால் விரல் விடுபடும், நெம்புகோல் தானாகத் திரும்பும், எஞ்சின் அடங்கும். மேடுபள்ளத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உடம்பை அங்குமிங்கும் சாய்த்து ஓட்டவேண்டிய வண்டியில் முறுக்குப்பிடி இருந்தால், நாம் விழாமலிருக்க இழுக்கும் ஒவ்வொரு இழுவையிலும் அது பாய்ந்துவிடும். நாய்கள் இழுத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நாய்களை ஓட்ட விரல் வேண்டாம், வாய் போதும். கியூபெக்கின் வல்கூர் என்ற ஊரில் 1922இல், பதினைந்து வயதில், தன் முதல் பனிவண்டியை ஓட்டிக்காட்டிய ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே, 1959இல் தனியாள் ஓட்டும் சின்ன வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ‘ஸ்கி-டாக்’ என்றே பெயர் வைக்க நினைத்தார் என்பார்கள். அது ‘ஸ்கி-டூ’ ஆனது. நாய் பெயரிலிருந்தும் போனது, குரைக்கும் வேலை மட்டும் எஞ்சினுக்கு வந்தது.

இனி அறிவுரைகள்.

முதலாவது, பெற்றோரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். பெருவிரலின் அடியில் இருப்பது ஒரு சேணத்தின்மேல் இன்னொரு சேணத்தைக் குறுக்கே கவிழ்த்ததுபோன்ற மூட்டு. எப்பக்கமும் வளையும், அதனால்தான் சீக்கிரம் தேயும். உங்கள் அம்மா ஐம்பது வயதில் ஜாம் போத்தல் மூடியைத் திறக்க அயல்வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டவரென்றால் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். இடக்கைப் பழக்கத்தோடு பிறப்பதும் உதவாது. த்ரொட்டில் வலப்பக்கம்தான். எஞ்சினை நிறுத்தும் பொத்தானும் அதே பக்கம்தான். இடக்கைக்கு பிரேக், அதோடு பொதுசனத் தொடர்பு: நிற்கப்போகிறேன், திரும்பப்போகிறேன், பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது என்று எதிரே வருகிறவர்களுக்குக் காட்டும் சைகையெல்லாம் இடக்கைதான் காட்டும். வலக்கை உழைக்கும், இடக்கை கும்பிடு வாங்கும். எங்கேயோ கண்ட ஏற்பாடுதான்.

இரண்டாவது, பிடியைத் தளர்த்துங்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் கைப்பிடியை இடியப்ப உரலைப் பிழிவதுபோலப் பிழிவார்கள். நான் முதல் பனிக்காலம் முழுவதும் பிழிந்தேன், ஒரு இடியப்பமும் விழவில்லை. பிடி, பொரித்த அப்பளத்தை உடையாமல் தூக்குகிற அளவுக்கு இருந்தால் போதும். பள்ளம் வரும்போது மட்டும் இறுக்கலாம். கைப்பிடி பஸ் கம்பி அல்ல, அதில் தொங்கிக்கொண்டு போகக் கூடாது. மேடுபள்ளங்களில் முழங்காலை மடித்து எழுந்து நின்றால் குலுக்கலைத் தொடை வாங்கிக்கொள்ளும். அடுத்த நாள் தொடை வலிக்கும், அது இந்தக் கையேட்டின் எல்லைக்கு வெளியே.

கையுறை விஷயத்தில் எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறோம். வெளியே மைனஸ் 20. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றுக்குக் காட்டிய தோலுக்கு அது மைனஸ் 35 போல. ஆகவே கடையிலேயே தடித்த கையுறை, அதற்குள் இன்னொரு கையுறை, அதற்குள் அக்கா பின்னிக் கொடுத்த கம்பளி. இவ்வளவும் போட்டபின் விரல் மடங்குவதற்கே பாதிப் பலம் போய்விடும், மீதிப் பலத்தில்தான் நெம்புகோல். கையுறை எவ்வளவு தடிப்போ அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அநேகமான வண்டிகளில் கைப்பிடிக்குள் சூடேற்றி இருக்கிறது, த்ரொட்டில் நெம்புகோலுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது சுவிட்சை நான் மூன்றாம் ஆண்டுதான் கண்டேன். அதுவரை மற்ற நான்கு விரலும் வேக, பெருவிரல் மட்டும் விறைத்துப்போய் வந்தது. கைப்பிடிமேல் மாட்டும் பெரிய காற்றுத்தடுப்பு உறைகளும் உண்டு. பார்ப்பதற்கு வண்டி குளிர்கால யானைபோல இருக்கும். வெட்கத்தை விட்டு மாட்டினால் உள்ளே மெல்லிய கையுறை போதும்.

உண்மையில் பாதி வலி தீர்வது ஒரு சின்ன ஆலன் சாவியால். கைப்பிடியின் கோணமும் நெம்புகோல் இருக்கும் இடமும் உங்கள் கைக்காக வைத்தவை அல்ல, உங்களுக்கு முன்னால் வாடகைக்கு எடுத்த யாரோ ஒரு ஆறரையடி ஆளுக்காக வைத்தவை. ஓட்டும் நிலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். முன்னங்கை, மணிக்கட்டு, புறங்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ ஒடிந்து நின்றால் தசைநார்கள் மூலையைச் சுற்றி இழுபட வேண்டியிருக்கும். கைப்பிடியைச் சற்றுச் சுழற்றுங்கள். நெம்புகோலைப் பெருவிரலின் நுனியால் எட்டிப் பிடிப்பதாக இருந்தால், அது பொருந்தியிருக்கும் பெட்டியை நகர்த்தி அருகே கொண்டுவாருங்கள். நீண்ட நெம்புகோலும் விற்கிறார்கள். நீண்டதைத் தள்ளப் பலம் குறைவாகப் போதும், சிறுபிள்ளையாகச் சீசோப் பலகையில் அறிந்த கணக்குத்தான். சில பயண வண்டிகளில் நெம்புகோலையே மறுபக்கம் திருப்பி, பெருவிரலுக்குப் பதில் மற்ற விரல்களால் இழுக்கலாம். நான் அதைக் கண்ட அன்று கண்கலங்கினேன். குளிர் என்று, கூட ஓட்டவரும் மச்சானுக்குச் சொன்னேன்.

பழைய வண்டியென்றால் கேபிளையும் பாருங்கள். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஒரு திருப்பும் ஸ்பிரிங், அத்தனையையும் தூக்குவது உங்கள் ஒற்றை விரல். உறைக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்தால் பாரம் இரட்டிக்கும். எண்ணெய் விட்டால் இறங்கும். மின்னணு த்ரொட்டில் உள்ள வண்டியில் விரல் தூக்குவதில்லை, சொல்லுகிறது, அவ்வளவே. ஆனால் ஸ்பிரிங்கை மாற்றி மெலிதாகப் போடலாமே என்று மச்சான் கேட்டதுபோல நீங்களும் கேட்காதீர்கள். இந்த இடத்தில் பகிடி இல்லை. விட்டவுடன் ‘டக்’ என்று திரும்பாத த்ரொட்டில் மரத்தைத் தேடிப் போகும். ஈரம் உறைந்தும் அது ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சினை முடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் தள்ளி விட்டுப் பாருங்கள்.

பிறகு, குற்றவாளி கைக்கருகே இல்லாமலும் இருக்கலாம். முன்னால் ஸ்கிகளின் அடியில் உள்ள கார்பைட் கம்பி தேய்ந்துவிட்டால் வண்டி முன்னால் போனவர்களின் தடத்துக்குள் இடமும் வலமும் ஓடும். நீங்கள் நாள் முழுக்க மாட்டை மறிப்பதுபோல மறித்துக்கொண்டிருப்பீர்கள். சஸ்பென்ஷன் முன்பக்கம் அதிக பாரம் போட்டாலும் திருப்புவது மாவு ஆட்டுவதுபோல. கை நோகிறது என்று தைலம் தேய்க்கும் நேரத்தில் குனிந்து ஸ்கியின் அடியைப் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை. குனிந்தால் இடுப்பு நோகும்.

எல்லாவற்றிலும் மலிவானது ஓய்வு. அரை மணிக்கு ஒரு தடவை நேரான, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, கையை விரித்து உதறினால் போதும். ஆனால் ஆண்கள் கூட்டமாகப் போனால் இது நடக்காது. “கை நோகுது, நிப்பாட்டுவம்” என்று சொல்ல எந்த ஆணுக்கும் வாய் வராது. மச்சானிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அத்தான், இதென்ன பெரிய விசயமே? ஊரில சைக்கிள் மிதிக்கேல்லையோ?” என்றார். சைக்கிளைப் பெருவிரலால் யார் மிதித்தது? ஆகவே என் கண்டுபிடிப்பு இது: வலியைச் சொல்லாதீர்கள், “ஒரு படம் எடுப்பம்” என்று சொல்லுங்கள். எந்தச் சூரனும் உடனே நிறுத்துவான். கையுறையைக் கழற்றுவான். கையைத் தேய்ப்பான். படம் எடுக்கவே மறந்துவிடுவான்.

தைலம் பற்றிக் கேட்கிறீர்கள். தேயுங்கள், மணக்கும். ஆனால் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடி, முட்டியைச் சுண்டுவிரல் பக்கம் வளைக்கும்போது மணிக்கட்டின் ஓரத்தில் உயிர் போனால், அது பெரும்பாலும் 1895இல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வான் விவரித்த தசைநார் உறை அழற்சி. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மாருக்கு வருவதும் இதுவே. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் விறைத்து எழுப்பினால் அது மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவது. குளிரில் விரல்கள் வெள்ளைவெளேரென்று மாறினால் அதிர்வும் குளிரும் சேர்ந்து இரத்தக் குழாயைச் சுருக்குகின்றன. சங்கிலி வாளால் மரம் அறுப்பவர்களுக்குத் தெரிந்த நோய் அது. இந்த மூன்றுக்கும் கையேடு போதாது, டொக்டரிடம் போங்கள்.

போன சனிக்கிழமை இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் புறப்பட்டேன். கோணம் பார்த்தேன், கேபிளுக்கு எண்ணெய் விட்டேன், இரண்டு சுவிட்சையும் போட்டேன். மத்தியானத்துக்குப் பிறகு மச்சான் முன்னால் பறந்தார். நான் பின்னால், அப்பளத்தை மறந்து, இடியப்பம் பிழிந்துகொண்டு போனேன்.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் சோறும் கணவாய்க் கறியும். மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பிசைந்து, ஒரு கவளத்தை உருட்டி வாயருகே கொண்டுபோனார். பெருவிரல் தள்ளவில்லை. கவளம் கோப்பையில் விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே ஸ்னோவைப் பார்த்தேன்.

“அக்கா, ஒரு கரண்டி தாங்கோ.”

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கரண்டி கொண்டுவந்து வைத்தாள்.