பன்னிரண்டே பகுதி, பாவம்!

பிரிட்டிஷ்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ டிவி தொடர் 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி; அத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். எழுதிய ஜான் கிளீஸும் கோனி பூத்தும் நடுவில் விவாகரத்தே செய்துகொண்டார்கள். அதை வைத்தே நம்மவர்கள் 300 பகுதி ஓட்டியிருப்பார்கள்! அமெரிக்கர்கள் பரவாயில்லை, வருஷத்துக்கு 22 வரை தம் கட்டுவார்கள்.

கொச்சியின் சுள்ளிக்கல் வீடுகளில் இந்த வறுமை கிடையாது. சன் டிவியில் ‘சந்திரலேகா’ 2014 முதல் 2022 வரை, 2,000 பகுதிகளைத் தாண்டியது. மாமியார் கை ஓங்குவார். அறை விழுவதற்குள் சோறு வடித்துவிட்டு வரலாம். பார்ப்பவர் மேல் என்ன கரிசனம்!

ரிமோட்டை அமுக்கினால் ஏசியாநெட்டில் மலையாளத் தொடர் ‘பரஸ்பரம்’, 1,500 பகுதிக்கு மேல். நாயகி தீப்தி ஐபிஎஸ்ஸையும் கணவனையும் குண்டு வெடித்துச் சாகடித்த பிறகுதான் 2018இல் அது நின்றது. பிரிட்டனில் பேனாவை மூடினாலே போதுமாம்.