நெட்வொர்க் தம்பி

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்தியில் இடம் பிடிக்க ஓடும்போது, ஒருவர் மட்டும் வைஃபை பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், அவர்தான் நெட்வொர்க் தம்பி. “என்னப்பா, நெட்டே வரலையே?” என்று அவரிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. “ஸ்லாஷ் இருபத்துநாலு போட்டிருக்காங்க சித்தப்பா. மொத்தம் 256 அட்ரஸ். முதலும் கடைசியும் போனா 254. ரவுட்டருக்கு ஒண்ணு போனா 253. இங்க ஐந்நூறு பேர் இருக்கோம். 253 பேருக்கு மேல மாப்பிள்ளையே வந்தாலும் கிடைக்காது” என்பார். சித்தப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும்.

தம்பி பெரும்பாலும் பி.காம். அல்லது பி.எஸ்சி. முடித்தவர், அல்லது டிப்ளமோவில் இரண்டு அரியர் வைத்திருப்பவர். “சும்மா இருக்கிறதுக்கு ஏதாவது ஒரு கோர்ஸ் படி” என்று அப்பா துரத்திய துரத்தலில் சமுதாயக் கல்லூரி ஒன்றின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் வகுப்பில் போய் விழுந்தவர். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் முளைத்து, 1990களின் நடுவில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்த ஏற்பாடு இந்தச் சமுதாயக் கல்லூரி: குறைந்த கட்டணம், குறுகிய காலம், கைக்கு ஒரு தொழில். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடும். இந்த அறையில் நெட்வொர்க் இயங்கும் விதத்தைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை, மார்கழியில் திருப்பாவை ஒப்பிப்பதுபோல், வரிசை மாறாமல் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். எட்டாவது அடுக்கு ஒன்று உண்டு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

முதல் சோதனை கேபிள் அடிப்பது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய கிரிம்பிங் டூலோடு தம்பி உட்காருவார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவே நீல ஜோடியை உட்கார வைக்க வேண்டும். தவறுவது பெரும்பாலும் அங்கேதான். எட்டு வயரையும் நீவி நேராக்கி, நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டருக்குள் நுழைத்து ஓர் அழுத்து. டெஸ்டரில் செருகினால் விளக்குகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்து வரும். ஆறாவது எரியாது. ஒருமுறை அழுத்திய கனெக்டர் மறுபடி உதவாது. வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் நாள் முடிவில் கேபிள் பாதியாகியிருக்கும்.

அடுத்தது பாக்கெட் டிரேசர். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் இலவசமாகத் தரும் இந்த ஒத்திகை மென்பொருளில் தம்பி ஒரே ராத்திரியில் சென்னையில் தலைமை அலுவலகம், மதுரையில் கிளை, கோவையில் கிடங்கு என்று ஒரு கம்பெனியையே எழுப்பிவிடுவார். எல்லா ஊருக்கும் பச்சை விளக்கு எரியும். அதே தம்பியின் வீட்டில் மாடி அறைக்கு மட்டும் மூன்று மாதமாக சிக்னல் கிடையாது.

பிறகு சிசிஎன்ஏ. 1998இல் சிஸ்கோ தொடங்கிய இந்தச் சான்றிதழ்த் தேர்வு 2020 முதல் ஒரே தாளாகிவிட்டது. 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். “அரியருக்குக்கூட இவ்வளவு கேக்கலையேடா” என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கட்டுவார். தேறிவிட்டால் தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ‘பி.காம்., சிசிஎன்ஏ’ என்று அச்சடிப்பார்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பெண் வீட்டாரிடம் யாரும் சொல்வதில்லை.

உறவினர்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவையில்லை. தம்பி கம்ப்யூட்டர் படித்தவர். ஆகவே பிரிண்டர், டிவி, இன்வர்ட்டர், பெரியம்மாவின் ஆதார் எல்லாமே அவர் துறை. “ஒரே நிமிஷம் வந்துட்டுப் போப்பா” என்று அத்தை கூப்பிடுவார். தம்பி போய் லேப்டாப்பைத் திறந்து, ஐபி முகவரி 169.254 என்று தொடங்குவதைப் பார்த்ததுமே, “டிஹெச்சிபி அட்ரஸ் கொடுக்கல அத்தை; அதுவா ஒண்ணு போட்டுக்கிச்சு” என்பார். “அப்ப என்ன பண்ணணும்?” ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடுவார். நெட் வந்துவிடும். “இதுக்காடா படிச்சே?” என்று அத்தை காபி கொடுப்பார். கூலி அவ்வளவுதான்.

ஆனால் வேலைக்கான நேர்காணலில் கேட்பதும் இதைத்தான். கேபிள் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, முகவரி வந்ததா, கேட்வேக்குப் பிங் போகிறதா என்று கீழிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு முதல்நிலைப் பணி கிடைக்கிறது. ஏழு அடுக்கையும் மனப்பாடமாக ஒப்பித்து, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாதவர் வீடு திரும்புகிறார். அத்தை வீட்டுக் காபி வீண்போகவில்லை.

அப்படித் தேறிய தம்பி இப்போது ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் ராத்திரி ஷிப்ட். வேறு கண்டத்தில் ஏதோ ஒரு கிளையின் இணைப்பு அறுந்தால் அவர் திரையில் சிவப்பு எரியும். டிக்கெட் போட்டு, விடிய விடிய அதைத் துரத்துவார். காலை எட்டு மணிக்குத்தான் படுப்பார். ஆகவே உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகல் பதினொரு மணிக்குப் போன் போடாதீர்கள். ரவுட்டரை நீங்களே அணைத்துப் பத்து விநாடி கழித்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் சாயங்காலம் கூப்பிடுங்கள். காபியோடு கொஞ்சம் காசும் கொடுங்கள்.