பிள்ளைக்குக் காரணி விளங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேமரன் மலையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. திரும்பிய பக்கமெல்லாம் கணக்கு கிடக்கிறது. நிரை நிரையாகத் தேயிலை, அட்டை அட்டையாக முட்டை, பெட்டி பெட்டியாகத் தேத்தூள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை காரணியையும் மடங்கையும் பகா எண்ணையும் யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை உள்ள பெற்றோர் கொஞ்சம் விழிப்பாக இருந்தால் தடுத்துவிடலாம்.

முதல் வேலை, காரணத்தை மறைத்து விதியை மட்டும் ஊட்டுவது. "இலக்கங்களைக் கூட்டு, கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும்." ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்யா, எழுது." தப்பித்தவறி 471ஐப் பிரித்துக் காட்டிவிடாதீர்கள். அதில் நான்கு நூறு இருக்கிறது. ஒவ்வொரு நூறிலிருந்தும் 99ஐ எடுத்து ஒதுக்கினால் ஒன்று மிஞ்சும், ஆக மிச்சம் நான்கு. ஏழு பத்துகளில் ஒவ்வொன்றிலிருந்தும் 9 போனால் மிச்சம் ஏழு. கடைசியில் ஒற்றையாய் ஒன்று. ஒதுக்கியதெல்லாம் மூன்றின் மடங்கு. மிச்சத்தைக் கூட்டினால் 12, அதுவும் மூன்றின் மடங்கு. இதைப் பார்த்த பிள்ளை, "அப்போ ஒன்பதுக்கும் இதே கதைதானேம்மா?" என்று கேட்டுவிடும். கேட்ட பிள்ளையை மறுபடி மனப்பாடத்துக்குத் திருப்புவது லேசில்லை.

அடுத்து, பாட்டியைப் பக்கத்தில் விடாதீர்கள். விடியலில் பெரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, நிறுவையில் நின்ற அனுபவசாலி அவர். பேரப்பிள்ளைகள் சில நாள் நான்கு பேராக வருவார்கள், சில நாள் ஆறு பேராக. பாட்டி பணியாரம் சுட்டால் 12, இல்லாவிட்டால் 24. யார் வந்தாலும் சண்டை கிடையாது. மீச்சிறு பொது மடங்கு என்ற பாடம் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பதைப் பிள்ளை கவனிப்பதற்குள், "பாட்டிக்கு என்ன தெரியும், நீ பயிற்றியைச் செய்" என்று அழைத்துவந்துவிடுங்கள்.

பாட்டியோடு சேர்த்துப் பழைய தமிழ்ப் பின்னங்களையும் பூட்டி வைக்க வேண்டும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 320ஐப் பகாக் காரணிகளாக உடைத்தால் ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் வரும், மூன்று வராது. ஆகவே அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி என்று எப்படிக் கூறுபோட்டாலும் ஒரு பலாச்சுளையை மூன்று பேருக்குச் சரியாகப் பங்கிட முடியாது. அதற்கும் கீழே கீழ்முந்திரி இருக்கிறது, முந்திரியையே மறுபடி 320 கூறாக்கியது. அங்கும் மூன்று எட்டிப் பார்ப்பதில்லை. கீழ்முந்திரியை 21 கூறாக்கிய இம்மிக்கு இறங்கினால்தான் மூன்றும் ஏழும் கையோடு கைகோத்து உள்ளே வருகின்றன. திண்ணைப் பள்ளிப் பையன்கள் எண்சுவடியை வரிவரியாக ஒப்பித்த காலத்தில், இந்த 21 எதற்கு என்று யாராவது ஒருவன் யோசித்திருப்பான். இதைவிட ருசியான காரணிப் பாடம் எனக்குத் தெரியாது. அதனால்தான் பூட்டச் சொல்கிறேன்.

ராமானுஜன் படம் சுவரில் இருக்கலாம், தப்பில்லை. 1729 கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் 1915இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை முழுக்க, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காட்டிலும் அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. 12, 24, 36, 48, 60 என்று அந்த வரிசை போகும். தெரிந்தால் பிள்ளை தேநீர்ப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும். 100 பைக்கு ஒன்பது காரணிகள்தான், 60 பைக்குப் பன்னிரண்டு. அப்புறம், பெட்டியை மாற்றச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்காரும். நிர்வாகத்துக்கு எதற்கு அந்தத் தொல்லை?

பயணங்களில் கவனம் தேவை. தாப்பாவுக்கு இறங்கும் சாலையின் எண் 59. வளைவுக்கு வளைவு நம் குடலைப் புரட்டும் அந்தச் சாலையின் எண்ணை 1ஐயும் 59ஐயும் தவிர எதுவும் வகுப்பதில்லை. 2, 3, 5, 7 நான்கையும் போட்டுப் பார்த்தால் போதும். அடுத்த பகா எண் 11, அதன் வர்க்கமே 121 ஆகிவிடுவதால் நூறுக்குள் அதற்குமேல் தேட வேண்டாம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் போனால் 185, அது 5×37. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் போகும் சாலை 102, அது 2×3×17. பிள்ளை பலகையைப் படிக்கத் தொடங்கினால் உடனே கைப்பேசியைக் கொடுத்துவிடுங்கள். 57ஐப் பகா எண் என்று சொன்னால் மட்டும் தவறாமல் குட்டுங்கள். அலெக்சாண்டர் குரோதெண்டிக் என்ற மாமேதையும் ஒருமுறை 57ஐப் பகா எண்ணாகச் சொல்லிவிட்டார் என்று கணிதக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். குட்டு வாங்கும் பிள்ளைக்கு அது தெரிய வேண்டியதில்லை.

கடைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கமாகக் கட்டும் தொகையை ஐந்து சென்னின் மடங்குக்கு முழுமையாக்குகிறார்கள். 4 வெள்ளி 87 சென் என்றால் 4.85, 88 என்றால் 4.90. பிரிஞ்சாங்கில் ஒரு மூட்டை சாமான் வாங்கினாலே மடங்குப் பாடம் முடிந்துவிடும், அதுவும் இலவசமாக.

சின்னத் தோட்டப் பள்ளிகளில் ஒரு வசதி இருக்கிறது. வகுப்பில் ஏழே பேர் என்றால் சமமான குழுக்களாகப் பிரிக்கவே முடியாது. ஆசிரியர் ஏன் திணறுகிறார் என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். சொல்லிவிடுவார்கள்.

மற்றதை மேலிடம் பார்த்துக்கொள்ளும். 2003இல் கணிதம் ஆங்கிலத்துக்குப் போனது, 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். தமிழில் படித்த பிள்ளை முதலாம் படிவத்தில் இதே காரணியையும் மடங்கையும் மலாயில் சந்திக்கும். பழைய நண்பர்கள்தான் என்று அறிமுகப்படுத்தாமல் விடுவது உங்கள் பொறுப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே ஒழிந்துவிட்டது, ஆனால் பழைய கேள்வித்தாள் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயமுறுத்த உதவும்.

இவ்வளவு செய்தும் பிள்ளை, "ஏழுக்கு மட்டும் ஏன் சுலபமான விதி இல்லை?" என்று கேட்டால், 7×11×13 = 1001 என்பதை மறைத்துவிடுங்கள். தெரிந்தால் 482ஐ இரண்டு முறை சேர்த்து 482482 என்று எழுதும். ஏழால் வகுக்கும், 68926. பதினொன்றால் வகுக்கும், 6266. பதின்மூன்றால் வகுத்தால் பழைய 482 வந்து நிற்கும். உடனே தம்பியிடம் ஓர் எண் கேட்கும், அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம். அன்று இரவு பயிற்றியில் ஒரு பக்கம்கூட நகராது. டியூஷன் பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.