கச்சானுக்கு ஏறும், வாடைக்கு இறங்கும்

எங்கள் வீட்டில் எண்ணிக்கை கடலுக்கு அடியில் தொடங்கியது. அப்பா சங்குகுளிக்காரர். விடியும் முன்னே திரேஸ்புரம் கரையிலிருந்து வள்ளம் ஏறிவிடுவார். இறங்குவதற்கு ஒரு கல், ஏறுவதற்கு ஒரு கயிறு, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஓர் ஆள். தம் பிடித்தால் ஒரு நிமிஷம். நெஞ்சுரம் உள்ளவருக்கு அதற்கு மேலும் சில விநாடிகள். அதற்குள் தரையைத் தடவிச் சங்கை எடுத்துப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்துவிட வேண்டும். கடிகாரம் கிடையாது. எத்தனை எண்ணியாயிற்று, இன்னும் எத்தனை மிச்சம் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1961-இல் நடந்த முத்துக்குளிப்பில் அவரும் இறங்கினார். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்போம். தோலாயிரம் பாரின் பேரைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் உயரும். அந்த வருஷத்துக்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று காத்திருந்தே அவருக்கு வயசாகிவிட்டது. முத்துநகர் என்ற பேர் மட்டும் ஊருக்கு நிலைத்தது. சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பேர். எங்களுக்குச் சோறு போட்டது சங்குதான். இந்தக் கரையில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகும். அந்த வடக்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது தபேலா.

பன்னிரண்டு வயதில் என்னை மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எட்டு எண்ணிக்கைக் கஹர்வாவும் ஆறு எண்ணிக்கைத் தாத்ராவும் மாஸ்டர் சொல்லித் தந்தார். அவருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அந்த இரண்டை வைத்துக்கொண்டே பூசைப் பாட்டு, மெல்லிசைக் கச்சேரி, கல்யாண வீடு என்று கரை நெடுக வாசித்தோம். வலது கைக்குத் தபேலா, இடது கைக்கு டக்கா. இரண்டையும் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு உப்பளத்து வழியாகத் திரும்பிய ராத்திரிகள் எத்தனையோ. அன்று நான் பார்த்த குழுக்களிலெல்லாம் தபேலா இருந்தது. தபேலாவின் இலக்கணம் தெரிந்தவர் என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுத் திண்ணையில் முழங்காலில் தட்டிப் பழகுவேன். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே பார்த்திருப்பார். ஒரு நாள் கேட்டார்.

“என்னல, வாய்க்குள்ள முனங்குத?”

“எட்டு எண்ணுதேன்பா.”

“வாயால எண்ணாதல. தண்ணிக்குள்ள வாய் உதவாது. நெஞ்சுக்குள்ள அது பாட்டுக்கு ஓடணும்.”

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் எனக்கு விளங்க ஒரு கேசட் வர வேண்டியிருந்தது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் எங்கோ தூரதேசத்துத் துறைமுகத்தில் வாங்கிய கேசட்டைக் கையில் தந்தார். ‘சக்தி’ என்று போட்டிருந்தது. 1975-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மக்கள் முன்னே வாசித்ததைப் பதிவுசெய்து, மறுவருஷம் வெளியிட்டது. கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன். மிருதங்கம் ராம்நாடு ராகவன்.

ராம்நாடு! எங்கள் கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே போனால் வரும் சீமை. பாடகர் ராம்நாடு கிருஷ்ணனின் தம்பி அவர். பஸ் ஏறினால் பொழுதுக்குள் போய்ச் சேரும் ஊரின் பேரைத் தாங்கிய மிருதங்கம் என் காதுக்கு வர, அது அமெரிக்காவில் ஒலித்து, கப்பல் ஏறி, கடலைச் சுற்றி வந்திருக்கிறது. அந்த ராத்திரி தூங்கவில்லை. நான் அறிந்த தபேலா, பாட்டுக்குப் பின்னால் நடக்கும். இந்தத் தபேலா பாட்டோடு பேசியது. கடம் ஒன்று சொல்ல, இது பதில் சொன்னது. எட்டும் ஆறும் எங்கே போயின என்று தேடினேன். எண்ணிக்கை காதுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தார்கள். அப்பா சொன்ன ‘நெஞ்சுக்குள்ள ஓடுதல்’ அதுதான்.

பிறகு ஜாகிரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1951 மார்ச் 9-இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா அல்லா ரக்கா, ரவிசங்கரின் சிதாருக்குத் தபேலா வாசித்து உலகம் சுற்றியவர், பஞ்சாப் கரானா என்ற தபேலா மரபுக்காரர். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கி, காதில் தொழுகை வாசகம் ஓத வேண்டிய இடத்தில் தாளச் சொற்கட்டைச் சொன்னாராம் அந்தத் தகப்பன். ஜாகிர் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி ஆறு வரை பாடம். தபேலாவைத் தொடாமல், வாயால் சொற்கட்டுச் சொல்லி, கையால் தாளம் போட்டு. அதன்பின் மதரசா. அங்கிருந்து மாஹிமில் செயின்ட் மைக்கேல் பள்ளிக்கூடம், அங்கே வேதப் பாட்டு. என்னை அப்படியே நிறுத்திய இடம் இது. மாஹிம் கோயில் மாதா நவநாளுக்குப் பேர்போனது; எங்கள் ஊர்ப் பனிமய மாதாவின் கால்மாட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் காலை வேளை முழுவதும் கண்ணுக்குள் தெரிந்தது. இரண்டு பேரும் கோயில் பாட்டு பாடித்தான் வளர்ந்திருக்கிறோம். அவர் வீட்டில் மூன்று மணிக்கு எழுப்ப அல்லா ரக்கா இருந்தார். எங்கள் அப்பாவும் மூன்று மணிக்கு எழுந்தார், கடலுக்குப் போக.

சின்ன வயதில் ஜாகிர் கச்சேரிக்கு ரயிலில் போகும்போது உட்கார இடம் இல்லாவிட்டால், தரையில் பேப்பரை விரித்து, யார் காலும் பட்டுவிடாதபடி தபேலாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாராம். 1970-இல் ரவிசங்கருக்கு வாசிக்க அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் அலி அக்பர் கான் நடத்திய கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார். மற்ற உயரங்களை ஊரே அறியும்: 1988-இல் பத்மஸ்ரீ, 2002-இல் பத்மபூஷண், 2023-இல் பத்மவிபூஷண். மிக்கி ஹார்ட்டோடு செய்த ‘பிளானட் டிரம்’ 1992-இல் கிராமி வாங்கியது. அதில் நம்முடைய விக்கு விநாயக்ராமின் கடமும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் மூன்று கிராமி. அதில் ஒன்று, சக்தி குழுவின் புதிய பதிவுக்கு. அந்தப் பதிவில் கஞ்சிரா வாசித்தவர் விக்குவின் மகன் செல்வகணேஷ்.

ஆனால் எங்கள் தெருவுக்கு அவரைக் கொண்டுவந்தது தேயிலை விளம்பரம். தாஜ்மகால் பின்னால் நிற்க, முடி பறக்கப் பறக்கத் தூர்தர்ஷனில் அவர் வாசித்தார். மறுவாரம் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு தாய்மார் என் வீட்டு வாசலில் நின்றார்கள். பத்து வருஷம் நான் வாசித்தும் வராத கூட்டம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பாயை விரித்து நாலு பேரையும் உட்காரவைத்தேன்.

இந்த வாத்தியத்தின் தோலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. நடுவில் தெரியும் கருப்பு வட்டம் வெறும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புத் தூளையும் மாவையும் பசையாகக் குழைத்து, ஒரு பூச்சுப் பூசி, காயவிட்டு, கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, இப்படி அடுக்கடுக்காக ஏற்றுவது அது. வெறும் தோலைத் தட்டினால் கிளம்பும் ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் இரைச்சலாகும். நடுவில் இந்தப் பாரம் ஏறியதும் அவை சுருதிக்குள் வரிசையாக வந்து நிற்கின்றன. மிருதங்கத்துக்கும் இதே கதைதான். நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். டக்காவில் அந்த வட்டம் நடுவில் இராது, ஓரமாக ஒதுங்கியிருக்கும். மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் ஒலி வளைந்து ஏறும், புறா குனுகுவதுபோல. ஜாகிரின் இடது கையைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் இந்தத் தோலுக்கு இரண்டு எஜமானர்கள்: கச்சானும் வாடையும். பனிமய மாதா திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். அப்போது கச்சான் காற்று வறண்டு, மணலை வாரிக்கொண்டு அடிக்கும். தோல் இறுகிச் சுருதி தானே ஏறிவிடும். மேடையில் உட்கார்ந்த பிறகு கட்டையை மேல்நோக்கித் தட்டிச் சுருதியை இறக்க வேண்டும். கிறிஸ்துமசுக்கு வாடை. ஈரக் காற்றில் தோல் தொய்ந்து, எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. அறுபது வாட் பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் தபேலாவைச் சாய்த்துவைத்து நள்ளிரவுப் பூசைக்குக் காத்திருப்போம். கடலோரத்தில் வாசிக்கிறவன் பாட்டைக் கேட்கும் முன்னே காற்றைக் கேட்கப் பழகிவிடுவான்.

ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளப் பெட்டி காற்றுக்கு அஞ்சாது. தொண்ணூறுகளின் கடைசியில் அது வந்தது. ஒரு திருவிழாவுக்கு வழக்கம்போலத் தபேலாவோடு போனேன். ஏற்பாடு செய்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பெட்டிக்குள்ளேயே உங்க சத்தம் இருக்கு.” இருந்ததுதான். குச்சியால் ரப்பரைத் தட்டியதும் சுத்தமான ‘நா’ விழுந்தது, பல்ப் சூடு இல்லாமல், சுத்தியல் இல்லாமல். அந்த ஒரு ‘நா’வை ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் அறையில், தோலில் விரலால் தட்டித் தந்தவர் யாராக இருக்கும் என்று மேடைக்குக் கீழே நின்று யோசித்தேன். அவருடைய பேர் பெட்டியில் இல்லை. எனக்கு அதுதான் வலித்தது, அன்றைய கூலி போனதைக் காட்டிலும்.

இன்று நிலைமை தலைகீழ். அன்று மாமாவின் கேசட்டுக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன். இன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் அல்லா ரக்காவையும் ஜாகிரையும் சேர்த்து உட்காரவைத்துக் கைப்பேசியில் பார்க்கிறான். தீன்தாலுக்குப் பதினாறு மாத்திரை என்று எனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை. இன்று பத்து மொழியில் பாடம் கிடக்கிறது. ஆனால் எங்கள் கரையில் தபேலா வைத்திருக்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடுவேன். தோல் கிழிந்தால் மாற்ற வெளியூருக்கு அனுப்ப வேண்டும். கேட்க வழியில்லாத காலத்தில் கைகள் இருந்தன. கேட்க வழி வந்துவிட்டது, கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2024 டிசம்பர் 15. சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார். எழுபத்து மூன்று வயது. நுரையீரல் திசு தடித்து இறுகிப்போகும் நோய் என்று செய்தியில் வந்தது. அதைப் படித்ததும் நான் நினைத்தது அப்பாவை. அவரும் கடைசியில் மூச்சுக்குத்தான் திணறினார். கடலடியில் அத்தனை வருஷம் தம் பிடித்தவர், கட்டிலில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நிறுத்தி நிறுத்தி மூச்சை வாங்கினார். இன்று சங்குக்கு இறங்கும் பிள்ளைகள் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே இயந்திரம் ஓடும்வரை மூச்சு வரும். தம்மை எண்ண வேண்டியதில்லை. அதிக நேரம் கீழே இருக்கிறார்கள். அதிகச் சங்கு எடுக்கிறார்கள். சிலர் கை கால் விளங்காமல் திரும்புகிறார்கள். எண்ணுவதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று எனக்குப் பதறுகிறது.

என்னிடம் இப்போது படிப்பது ஒரே ஒரு பிள்ளை, பத்து வயதுச் சிறுமி. போன வாடையில் தீன்தால் தொடங்கினோம். தபேலாவைத் தொடாமல், கையால் தாளம் போட்டு. ஒன்று, ஐந்து, பதின்மூன்றில் தட்டு. ஒன்பதில் தட்டாமல் கையை விரித்து வெறுமையாகக் காட்ட வேண்டும். அவள் ஒன்பதுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“மாஸ்டர், ஒம்பதுல கைக்கு வேலையே இல்லையே. அதை எதுக்கு எண்ணணும்?”

வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். கீழே போனவர் கயிற்றை இழுக்கும்வரை அவருக்கும் கையில் வேலை இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் ஒரு எண்ணிக்கையை விட்டுவிட்டால் எங்கள் அப்பா வீட்டுக்கு வரமாட்டார்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். வெளியே தூறல் பிடித்திருந்தது. பல்பைப் போட்டு, டக்காவை அதன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.